பதிவு இருக்கிறது, தேடினால் வரவில்லை: போஸ்ட்கிரெஸும் எலாஸ்டிக்சர்ச்சும் சேர்ந்த இடத்தில் பிழை நீக்கும் வழிமுறை

இந்தக் குறிப்பு முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சேலத்துக் கடை ஒன்றின் பொருள்பட்டியல். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு, அம்மாப்பேட்டைத் தறியிலிருந்து வெண்பட்டு வேட்டி, ஏற்காட்டுக் கிடங்கிலிருந்து காபியும் மிளகும். பதிவுகள் எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இருக்கின்றன. வாடிக்கையாளர் தட்டும் தேடல் பெட்டி மட்டும் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் சர்வரைக் கேட்கிறது.

இந்த அமைப்பில் உண்மை ஓரிடத்தில்தான் இருக்கிறது, அது போஸ்ட்கிரெஸ். எலாஸ்டிக்சர்ச் இன்டெக்ஸ், அதாவது தேடலுக்காகக் கட்டிய அட்டவணை, அதிலிருந்து எடுத்த நகல். எந்த நேரத்திலும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கட்டக்கூடியதாக அது இருக்க வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பாதி, நகலை அசல்போல நம்பியதால் வருபவை.

அதற்கும் முன்னால் ஒன்று: பட்டியலில் சில ஆயிரம் பொருள்கள்தான் என்றால் இரண்டாவது சர்வரே வேண்டாம். போஸ்ட்கிரெஸ் 12 முதல் தமிழுக்கான ஸ்னோபால் வேர்ச்சொல் பிரிப்பான் கூடவே வருகிறது. ‘தமிழ்’ தேடல் அமைப்பைக் கொடுத்து, சொற்களைப் பிரித்து வைக்கும் டிஎஸ்வெக்டர் புலத்துக்கு ஜின் வகை இன்டெக்ஸ் போட்டால் போதும். இரண்டு இடத்தையும் ஒன்றுபோல வைக்கும் ஒத்திசைவுச் சிக்கல் என்ற பேச்சே எழாது. எழுத்துப்பிழை பொறுத்தல், வகைவாரி எண்ணிக்கை, தட்டத் தட்டப் பரிந்துரை என்று கேட்கும்போதுதான் எலாஸ்டிக்சர்ச்சுக்குப் போக வேண்டும்.

எந்தச் சிக்கலுக்கும் முதல் ஐந்து நிமிடம்

‘தேடல் வேலை செய்யவில்லை’ என்று வந்தால் அமைப்புக் கோப்பைத் திறக்காதீர்கள். வராத பொருள் ஒன்றின் முதன்மைச் சாவியைக் கேட்டு வாங்குங்கள். 41872 என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து நான்கு சோதனை, இதே வரிசையில்:

1. புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து, போஸ்ட்கிரெஸில் 41872 இருக்கிறதா என்று பாருங்கள். செயலியின் இணைப்பிலேயே பார்த்தால் கமிட் ஆகாத (இன்னும் உறுதியாகச் சேமிக்கப்படாத) பதிவும் கண்ணுக்குத் தெரியும், ஏமாந்துபோவீர்கள்.
2. எலாஸ்டிக்சர்ச்சில் அதே எண்ணை ஐடி கொடுத்து நேரடியாக எடுங்கள். இது தேடல் அல்ல. ரெஃப்ரெஷ் (எழுதியதைத் தேடலுக்குத் தெரியவைக்கும் படி) ஆகும்வரை காத்திருக்காமல் அப்போதைய நிலையைக் காட்டும்.
3. அதே ஐடியைத் தேடல் வழியாகக் கேளுங்கள்.
4. பொருளின் தமிழ்ப் பெயரைத் தேடுங்கள்.

இரண்டாவதில் இல்லை என்றால் கோளாறு ஒத்திசைவில். இரண்டாவதில் இருந்து மூன்றாவதில் இல்லை என்றால் ரெஃப்ரெஷ். மூன்றாவதில் இருந்து நான்காவதில் இல்லை என்றால் சொல் பகுப்பில். நான்கிலும் இருந்து திரையில் மட்டும் இல்லை என்றால் செயலி அதை எங்கோ வடிகட்டுகிறது.

அறிகுறி: சேர்த்த பொருள் சிறிது நேரம் கழித்துத்தான் வருகிறது

எழுதியது தேடலுக்குத் தெரிய ரெஃப்ரெஷ் நடக்க வேண்டும். இயல்பில் 1 விநாடிக்கு ஒருமுறை நடக்கும். 30 விநாடி யாரும் தேடாத இன்டெக்ஸில், ரெஃப்ரெஷ் இடைவெளியை நீங்களாகக் குறித்து வைக்காவிட்டால், அது நின்றுவிடும். அடுத்த தேடல் வந்துதான் அதை எழுப்பும்.

நிமிடக்கணக்கில் தாமதம் என்றால், யாரோ மொத்தமாக ஏற்றும்போது இடைவெளியை −1 ஆக்கிவிட்டுத் திருப்பி வைக்க மறந்திருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள். கடைக்காரர் ‘சேமி’ அழுத்தியதும் பட்டியலில் தெரிய வேண்டும் என்றால், அந்த ஒருமுறை எழுதுவதற்கு மட்டும் ‘வெயிட் ஃபார்’ வகை ரெஃப்ரெஷ் கொடுங்கள். எழுதும் ஒவ்வொரு முறையும் உடனடி ரெஃப்ரெஷ் கொடுத்தால் குட்டிக்குட்டி செக்மென்ட்டுகள் (இன்டெக்ஸின் துண்டுகள்) குவிந்து, அவற்றை ஒன்றுசேர்ப்பதிலேயே சர்வர் மூச்சு வாங்கும்.

அறிகுறி: சில பதிவுகள் வரவே இல்லை, பிழைச் செய்தியும் இல்லை

இதுதான் ஆளைக் கொல்லும் சிக்கல். காரணங்கள் மூன்று.

முதலாவது, செயலி இரண்டு இடத்திலும் தானே எழுதுவது. போஸ்ட்கிரெஸில் கமிட் ஆன பிறகு, எலாஸ்டிக்சர்ச்சுக்குப் போகும்முன் புரோசஸ் விழுந்தால் பதிவு தொலைந்தது. வரிசையை மாற்றி முதலில் இன்டெக்ஸில் எழுதினாலும் தீராது. டிரான்சாக்ஷன் (ஒரே மூச்சில் நிறைவேறும் மாற்றத் தொகுதி) ரோல்பேக் ஆகி ரத்தானால், இல்லாத கொலுசு தேடலில் நிற்கும்.

இரண்டாவது, ‘கடைசியாக மாறிய நேரம்’ புலத்தைப் பார்த்து நிமிடத்துக்கு ஒருமுறை அள்ளும் முறை. பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் போஸ்ட்கிரெஸில் ‘நவ்’ தருவது டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரம், கமிட் ஆன நேரம் அல்ல. காலை 10:00:00 மணிக்கு ஒருவர் எக்செல் கோப்பிலிருந்து 4,000 கொலுசுகளின் விலையை ஒரே டிரான்சாக்ஷனில் ஏற்றத் தொடங்குகிறார். 10:03:20க்கு முடிகிறது. 4,000 பதிவிலும் 10:00:00 என்றே முத்திரை. இதற்கிடையில் ஏற்காட்டுக் கிடங்கில் ஒருவர் 10:02:50க்கு ஒரு மிளகு மூட்டையின் எடையைத் திருத்தினார். 10:03:00க்கு ஓடிய அள்ளும் நிரல் அதை எடுத்துக்கொண்டு, ‘இதுவரை அள்ளியாயிற்று’ என்ற தன் அடையாளத்தை 10:02:50க்கு நகர்த்திவிட்டது. 10:04:00க்கு ஓடும்போது ‘10:02:50க்குப் பிறகு மாறியவை’ என்றுதான் கேட்கும். அந்த 4,000 பதிவுகள் இனி எந்தச் சுற்றிலும் வராது.

நேரத்துக்குப் பதில் தொடர் எண்ணை அடையாளமாக வைத்தாலும் இதே கதிதான். எண்கள் கமிட்டுக்கு முன்பே ஒதுக்கப்படுகின்றன. 1042 கண்ணுக்குத் தெரிந்து 1041 இன்னும் தெரியாமல் இருக்கலாம். ‘கிளாக் டைம்ஸ்டாம்ப்’ போட்டால் இடைவெளி சுருங்குமே தவிர மூடாது.

உடனடி மருந்து: ஒவ்வொரு சுற்றிலும் அடையாளத்திலிருந்து பின்னோக்கி, உங்களிடம் ஓடும் மிக நீளமான டிரான்சாக்ஷனைவிட அதிக நேரம், சொல்லப்போனால் 15 நிமிடம், சேர்த்து அள்ளுங்கள். ஆவணத்தின் ஐடியாகப் பதிவின் முதன்மைச் சாவியையே கொடுத்திருந்தால், ஒரே பதிவைப் பத்துமுறை எழுதினாலும் கெடுதல் இல்லை. தானாக ஐடி உருவாக விட்டிருந்தால் ஒரே கொலுசு பத்தாக வரும்.

நிலையான மருந்து மாற்றப்பெட்டி. பொருள் டேபிளில் ஒரு டிரிக்கர்: சேர்த்தல், மாற்றல், நீக்கல் எது நடந்தாலும் அதே டிரான்சாக்ஷனுக்குள் இன்னொரு டேபிளில் ஐடி விழும். தனியே ஓடும் வேலையாள் அதிலிருந்து 500 ஐடி எடுத்து, பதிவின் அப்போதைய நிலையைப் படித்து, இன்டெக்ஸில் எழுதி, வெற்றி என்று பதில் வந்த பிறகே பெட்டியிலிருந்து நீக்க வேண்டும். வேலையாள்கள் பலர் என்றால் ‘ஸ்கிப் லாக்டு’ சேர்த்து எடுங்கள், ஒருவர் எடுத்ததை மற்றவர் எடுக்கமாட்டார். செயலியின் ஓஆர்எம்மில் (தரவுத்தளத்தோடு பேசும் நிரலடுக்கு) கொக்கி மாட்டுவதைவிட டிரிக்கர் மேல். யாராவது நேரடியாக எஸ்கியூஎல் அடித்துத் திருத்தினாலும் அது பிடிக்கும். டேபிளை ஒரேயடியாகக் காலிசெய்யும் ட்ரங்கேட் மட்டும் பதிவுவாரி டிரிக்கரை எழுப்பாது, அதற்குத் தனி டிரிக்கர் வேண்டும்.

மூன்றாவது காரணம் பல்க் (மொத்தமாக அனுப்பும்) கோரிக்கையின் பதில். 1,000 ஆவணங்களை ஒரே கோரிக்கையில் அனுப்பினால், அவற்றில் 37 தோற்றாலும் எச்டிடிபி நிலை 200, அதாவது வெற்றி என்றுதான் வரும். பதிலுக்குள் ‘எரர்ஸ்’ என்ற புலம் உண்மையா என்று பார்த்து, ஒவ்வோர் ஆவணத்தின் நிலை எண்ணையும் படிக்க வேண்டும். 429 என்றால் சர்வருக்குத் திணறல், சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்புங்கள். 400 என்றால் தரவு பொருந்தவில்லை, ஆயிரம் முறை அனுப்பினாலும் ஏறாது. அதைத் தனி டேபிளில் ஒதுக்கிவிட்டு மற்றதை நகர்த்துங்கள். இல்லாவிட்டால் ஒரே ஒரு கெட்ட பதிவு மொத்த வரிசையையும் மறித்துக்கொண்டு நிற்கும்.

அறிகுறி: எடை வடிகட்டி தப்பாக வருகிறது, திரையில் எடை சரியாக இருக்கிறது

‘52 கிராமுக்குள்’ என்று கேட்டால் 52.5 கிராம் கொலுசும் வருகிறது. மேப்பிங் (எந்தப் புலம் என்ன வகை என்ற வரையறை) எழுதாமல் விட்டதன் விளைவு இது. முதலில் ஏறிய ஆவணத்தில் எடை 52 என்று முழு எண்ணாக இருந்ததால், அந்தப் புலம் முழு எண் வகையாகவே உறைந்துவிட்டது. பிறகு வரும் 52.5ஐ அது மறுக்காது. பின்னத்தை வெட்டி 52 என்று இன்டெக்ஸ் செய்யும். மூல ஆவணத்தில் 52.5 அப்படியே இருப்பதால் திரையில் குறை தெரியாது.

மேப்பிங்கைக் கையால் எழுதுங்கள், ‘டைனமிக்’ அமைப்பை ‘ஸ்ட்ரிக்ட்’ ஆக்குங்கள். எடைக்கு ஸ்கேல்டு ஃப்ளோட் (எண்ணைப் பெருக்கி முழு எண்ணாக வைக்கும் வகை), பெருக்கும் எண் 1000: மில்லிகிராம்வரை தாங்கும். விலையைப் பைசாவாக்கி முழு எண்ணாக வையுங்கள். ஏற்கெனவே உறைந்த வகையை மாற்ற முடியாது, புது இன்டெக்ஸ்தான் கட்ட வேண்டும். அதன் முறை கடைசியில் இருக்கிறது.

அறிகுறி: கண்ணெதிரே இருக்கும் தமிழ்ச் சொல் தேடலில் கிடைக்கவில்லை

போஸ்ட்கிரெஸிலேயே பார்த்துவிடலாம். இரண்டு பதிவுகளில் ‘கொலுசு’ என்ற சொல்லின் நீளத்தை எடுங்கள். ஒன்றில் 6 வரும், இன்னொன்றில் 7. பைட் கணக்கில் 18, 21. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. முதல் பதிவில் ‘ஒ’கரக் குறி ஒரே குறியீடு, எண் 3018. இரண்டாவதில் அதே குறி இரண்டு துண்டு: கொம்பு 3014, கால் 3006. பழைய எழுத்துரு மாற்றிகள் வழியாக வந்த உரைகளிலும் சில விசைப்பலகைகளிலும் இப்படி வரும். கணினிக்கு இவை இரண்டும் வேறு சொற்கள். ‘ஓ’கார, ‘ஔ’காரக் குறிகளுக்கும் இதே பிரச்சினை உண்டு.

தீர்வு, எழுதும்போதே யூனிகோட் என்எஃப்சி வடிவுக்கு (துண்டுகள் சேர்ந்து ஒரே குறியீடாகும் வடிவம்) மாற்றுவது. போஸ்ட்கிரெஸ் 13 முதல் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷன் இருக்கிறது, யூடிஎஃப்-8 தரவுத்தளமாக இருக்க வேண்டும். எலாஸ்டிக்சர்ச் பக்கம் ஐசியூ என்ற யூனிகோட் நூலகத்தின் பகுப்புச் செருகியை நிறுவி, ஐசியூ நார்மலைசரை எழுத்து வடிகட்டியாக, அதாவது சொல் பிரிப்பானுக்கு முன்னால், வையுங்கள். இன்டெக்ஸ் செய்யும்போதும் தேடும்போதும் இரண்டிலும் இருக்க வேண்டும். அதன் இயல்பு வகை, சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அகலமற்ற குறிகளையும் (8203, 8204, 8205) களைந்துவிடும். வலைப்பக்கத்திலிருந்தும் வேர்டு கோப்பிலிருந்தும் ஒட்டிய பெயர்களில் இவை நிறைய இருக்கும். செருகி எல்லா நோடிலும் (எலாஸ்டிக்சர்ச் ஓடும் ஒவ்வொரு சர்வரிலும்) நிறுவப்பட்டு, எலாஸ்டிக்சர்ச் பதிப்போடு துல்லியமாகப் பொருந்தி, நோடு மறுதொடக்கம் ஆக வேண்டும்.

நார்மலைசர் தொடாதவை சில உண்டு. ‘ஸ்ரீ’யில் முதல் எழுத்து ஸ (3000) ஆகவும் இருக்கலாம், ஶ (2998) ஆகவும் இருக்கலாம். ‘ஔவை’யைப் பலர் ஒ போட்டு ள போட்டு ‘ஒளவை’ என்று அடிப்பார்கள். இதற்கு ‘ஒள’ வந்தால் ‘ஔ’ ஆக்கு என்று பொது விதி எழுதிவிடாதீர்கள். ‘ஒளி’ சிதைந்துவிடும். ‘கெளரி’யைத் திருத்தக் கொம்பும் ள-வும் சேர்ந்தால் மாற்று என்று எழுதினால் ‘வெளி’யும் ‘தெளிவு’ம் போகும். முழுச்சொல்லாக, ஒவ்வொன்றாகத்தான் பட்டியல் போட வேண்டும்.

அடுத்தது வேற்றுமை. பதிவில் ‘ஏற்காடு காபி’, வாடிக்கையாளர் அடிப்பது ‘ஏற்காட்டுக் காபி’. ‘டு’ இரட்டித்து ‘ட்டு’ ஆனது மட்டுமல்ல, வல்லினம் மிகுந்து ஒரு ‘க்’கும் ஒட்டிக்கொண்டது. சொல்லை முதலெழுத்திலிருந்து துண்டு துண்டாக இன்டெக்ஸ் செய்யும் முன்னொட்டுத் துண்டு (எட்ஜ் என்-கிராம்) இங்கே உதவாது. ‘ஏற்காட்டுக்’ என்ற நீளமான கேள்விச்சொல், ‘ஏற்காடு’வின் எந்தத் துண்டுக்கும் சமமாக வராது. ‘ட்டு’ என்று முடிந்தால் ‘டு’ ஆக்கு என்று ஒரு விதி போடலாமே என்று தோன்றும். போட்டால் பாட்டு ‘பாடு’ ஆகும், கூட்டு ‘கூடு’ ஆகும், தட்டு ‘தடு’ ஆகும். கடைப் பட்டியல் போன்ற சிறிய சொல்வட்டத்துக்கு, தேடல் பதிவேட்டில் ‘0 முடிவு’ வந்த சொற்களை வாரம் ஒருமுறை எடுத்து, இணைச்சொல் பட்டியலில் சேர்ப்பதே எங்கள் பரிந்துரை. ஏற்காட்டில், ஏற்காட்டு, ஏற்காட்டுக் மூன்றும் ‘ஏற்காடு’ என்ற சொல்லுக்கு இணை. செவ்வாப்பேட்டை, ஷெவாப்பேட்டை இரண்டும் ‘செவ்வாய்ப்பேட்டை’க்கு இணை. இந்தப் பட்டியலைத் தேடல் பக்கப் பகுப்பானில் மட்டும், ‘அப்டேட்டபிள்’ என்று குறித்து வைத்தால், இன்டெக்ஸைத் திரும்பக் கட்டாமல் பகுப்பானை மட்டும் மறுஏற்றம் செய்து புதுச் சொற்களைச் சேர்க்கலாம்.

சந்தேகம் வந்தால் ‘அனலைஸ்’ அழைப்பில் பதிவுச் சொல்லையும் கேள்விச் சொல்லையும் தனித்தனியே கொடுத்து, வரும் டோக்கன்களை (பகுத்த சொற்துண்டுகளை) ஒப்பிடுங்கள். ஒன்றாக இல்லையென்றால் மேற்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை.

அறிகுறி: நீக்கிய பொருள் திரும்ப வருகிறது

அள்ளும் முறையில் நீக்கம் தெரியவே தெரியாது. இல்லாத பதிவுக்கு ‘மாறிய நேரம்’ ஏது? மாற்றப்பெட்டி இதைத் தீர்க்கும்.

அதன்பிறகும் வந்தால், இரண்டு வேலையாள்களில் ஒருவர் பழைய நிலையைப் படித்து வைத்துக்கொண்டு தாமதமாக எழுதியிருக்கிறார். பதிவில் ஒரு பதிப்பெண் புலம் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிரிக்கரில் ஒன்று கூட்டி, எலாஸ்டிக்சர்ச்சுக்கு அதை ‘எக்ஸ்டெர்னல்’ பதிப்பாக அனுப்புங்கள். பழைய நிலையை எழுத வருவது 409 (பதிப்பு மோதல்) வாங்கித் திரும்பும். அந்த 409 தோல்வி அல்ல, வேலை முடிந்தது என்றே கொள்ளுங்கள். நீக்கத்துக்கும் பதிப்பெண் அனுப்ப வேண்டும். ஆனால் நீக்கியதன் பதிப்பெண்ணை எலாஸ்டிக்சர்ச் இயல்பில் 60 விநாடிதான் நினைவில் வைத்திருக்கும். அதற்கும் பிந்தி எழுத வரும் பழைய நிலை உள்ளே நுழைந்துவிடும். வேலையாள்கள் அதைவிடத் தாமதமாகக்கூடும் என்றால், ஆவணத்தை நீக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று குறியிட்டு வடிகட்டுங்கள்.

அறிகுறி: நெசவாளர் பெயரைத் திருத்தினோம், தேடலில் பழைய பெயர்

ஆவணத்துக்குள் நெசவாளர் பெயரையும் சேர்த்து வைத்திருப்பீர்கள். அவர் டேபிள் மாறினாலும் பொருள் டேபிள் மாறவில்லையே. நெசவாளர் டேபிளிலும் டிரிக்கர் போட்டு, அவருடைய பொருள் ஐடிகள் எல்லாவற்றையும் மாற்றப்பெட்டியில் தள்ளுங்கள்.

அறிகுறி: பக்கத்துக்கு 20 வரவேண்டியது 13 வருகிறது, வரிசையும் கலைகிறது

எலாஸ்டிக்சர்ச் 20 ஐடி தருகிறது, செயலி போஸ்ட்கிரெஸில் ‘இருப்பு உள்ளவை மட்டும்’ என்று வடிகட்டுகிறது, 7 உதிர்கின்றன. எந்தப் புலத்தால் வடிகட்டுகிறீர்களோ அது இன்டெக்ஸிலும் இருக்க வேண்டும். வரிசை கலைவதற்குக் காரணம், ஐடி பட்டியல் கொடுத்துக் கேட்டால் போஸ்ட்கிரெஸ் அதே வரிசையில் தரும் என்று எந்த உறுதியும் இல்லை. ‘அன்நெஸ்ட் … வித் ஆர்டினாலிட்டி’யோடு இணைத்து அந்த வரிசை எண்ணால் அடுக்குங்கள்.

மொத்த எண்ணிக்கை எப்போதும் 10,000 என்றே நின்றால் பிழை இல்லை. அதற்குமேல் துல்லியமாக எண்ண ‘ட்ராக் டோட்டல் ஹிட்ஸ்’ கேட்க வேண்டும். 10,000க்கு அப்பால் பக்கம் புரட்ட ‘சர்ச் ஆஃப்டர்’ பயன்படுத்துங்கள். வரம்பை உயர்த்துவது நினைவகத்தைத் தின்னும்.

அறிகுறி: திடீரென்று எதுவுமே எழுத முடியவில்லை

வட்டு 95 சதவீதம் நிறைந்தால் எலாஸ்டிக்சர்ச் இன்டெக்ஸைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும். பூட்டைக் கையால் திறப்பதற்கு முன் இடத்தைக் காலி செய்யுங்கள். 7.4 முதல், நிரப்பு அளவு 90க்குக் கீழே இறங்கினால் தானே திறந்துகொள்ளும்.

ஆனால் வட்டை நிறைத்தது யார்? பெரும்பாலும் எலாஸ்டிக்சர்ச் அல்ல. டெபீசியம் போன்ற கருவியால் போஸ்ட்கிரெஸின் மாற்றங்களை ஏற்காட்டுக் கிடங்குக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தது, மூன்று நாள் இணைப்பு இல்லை. அந்தப் பக்கம் படிக்கும்வரை சேலத்துச் சர்வர் தன் வால் (WAL) கோப்புகளை, அதாவது மாற்றப் பதிவேட்டுக் கோப்புகளை, சேர்த்துவைத்தபடியே இருக்கும், இயல்பில் வரம்பே கிடையாது. ஒரே வட்டில் இருந்தால் முதலில் பூட்டுவது எலாஸ்டிக்சர்ச், பழியும் அதன்மேல். பார்த்துக்கொண்டே விட்டால் அடுத்து விழுவது போஸ்ட்கிரெஸ். ரெப்ளிகேஷன் ஸ்லாட் (மறுபக்கம் எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் இடம்) பட்டியலில் செயலில் இல்லாதது எது என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் ஸ்லாட்டுக்கான வால் சேமிப்பு வரம்பை அமைக்கலாம். 10 ஜிபி என்று வையுங்கள். தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகும், ஏற்காட்டு நகலை முழுதாக மறுபடி கட்ட வேண்டிவரும். நகல்தானே, கட்டலாம். அசல் நிற்கக் கூடாது.

ஒற்றைச் சர்வரில் எலாஸ்டிக்சர்ச்சின் நிலை எப்போதும் மஞ்சளாக இருந்தால், பிரதி (ரெப்ளிகா) எண்ணிக்கையை 0 ஆக்குங்கள். பிரதியை அதே நோடில் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

இன்டெக்ஸை மறுபடி கட்டும் முறை

செயலி எப்போதும் ‘பொருள்கள்’ என்ற மாற்றுப்பெயரையே கேட்கட்டும், உண்மையான இன்டெக்ஸ் அதன் பின்னால் ‘பொருள்கள்-1’ என்று இருக்கட்டும். மேப்பிங்கோ பகுப்பானோ மாறும்போது ‘பொருள்கள்-2’ கட்டுங்கள். ரெஃப்ரெஷை −1, பிரதியை 0 ஆக்குங்கள். போஸ்ட்கிரெஸிலிருந்து படிக்கத் தொடங்கும் முன்பே மாற்றப்பெட்டி வேலையாள் இரண்டு இன்டெக்ஸிலும் எழுதத் தொடங்கிவிட வேண்டும். வரிசை மாறினால் நடுவில் வந்த மாற்றங்கள் தொலையும். பதிப்பெண் இருப்பதால், மொத்த ஏற்றம் கொண்டுவரும் பழைய நிலை புதியதை மிதிக்காது.

முதன்மைச் சாவி வரிசையில், ‘கடைசி ஐடிக்குப் பிறகு அடுத்த 1,000’ என்று படியுங்கள். ஆஃப்செட் (‘இத்தனை பதிவைத் தாண்டு’) கொடுத்தால் போகப்போக மெதுவாகும். ஒரு பல்க் கோரிக்கை 5 முதல் 15 எம்பிக்குள் இருக்கட்டும். முடிந்ததும் ரெஃப்ரெஷையும் பிரதியையும் திருப்பி வைத்து, ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்து, இரு பக்க எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் ஐடிகள் வேறாக இருக்கலாம். இரு பக்க ஐடியையும் பதிப்பெண்ணையும் வரிசையாக எடுத்து ஒப்பிடுவதே சரி. இந்த ஒப்பீட்டை இரவுதோறும் ஓடும் வேலையாகவே வைத்துவிடுங்கள், வித்தியாசம் வந்த ஐடியை மாற்றப்பெட்டியில் போட்டால் போதும்.

பிறகு ஒரே கோரிக்கையில் மாற்றுப்பெயரை 1லிருந்து கழற்றி 2இல் மாட்டுங்கள். நடுவில் ஒரு தேடல்கூடத் தவறாது. ‘கொலுசு’, ‘ஏற்காட்டுக் காபி’, ‘ஔவை’ மூன்றையும் தேடிப் பாருங்கள். பழைய இன்டெக்ஸை இரண்டு நாள் வைத்திருந்து, வேலையாள் அதிலும் தொடர்ந்து எழுதட்டும். ஏதாவது தப்பென்றால் மாற்றுப்பெயரைத் திருப்பி மாட்டிவிடலாம்.